லெக் பீஸை விடுங்க... விங்ஸை எடுங்க!

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹாஸ்டல் மெஸ். வாரம் பூரா சாம்பாரைப் பார்த்து நொந்து போன ஜனம் தட்டும் கையுமாக க்யூவில் நிற்கிறது. பரிமாறுகிற அண்ணனிடம் அத்தனை பேருக்கும் ஒரே கோரிக்கைதான். ''அண்ணே... லெக் பீஸ்ண்ணே!''

பாவம், அவர்தான் என்ன செய்வார்? கோழிக்கு இருப்பதே ரெண்டு கால். கடைசியில் நம்ம தட்டில் 'தொப்'பென்று வந்து விழுவது ஒரு சிறகு. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலை டேபிளில் போய் உட்காருவோம்.

அடுத்த ஞாயிறு அப்படி விழுந்தால் வருத்தப்படாதீர்கள் மக்களே! உங்கள் தட்டில் கிடப்பது 37 கோடி வருஷத்துக் கதை. சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம். (சைவ நண்பர்கள் அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்களுக்கென்று உருளைக்கிழங்கு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.)

முதலில் தோள் பக்கத்துத் துண்டு. ஹோட்டலில் சிவக்கப் பொரித்து 'லாலிபாப்' என்று கொண்டுவந்து வைப்பார்களே, பெரும்பாலும் அந்த ஐட்டம். உள்ளே ஒரே ஒரு எலும்பு. அடுத்தது நடுத்துண்டு. கறிக்கடை அண்ணனின் கத்தி ஏடாகூடமாக விழாமல் இருந்தால், உள்ளே பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு எலும்பு இருக்கும். ஒன்று தடிமன், இன்னொன்று ஒல்லிப்பிச்சான். கடைசியாக, யாரும் சீந்தாத நுனித் துண்டு. அதற்குள் பொடிப்பொடியாக எலும்புகள், ஒன்றோடொன்று ஒட்டிப்போன விரல்கள். ஆமாம், கோழிக்குக் கையிலும் விரல் உண்டு!

இப்போது சாப்பிடாத கையை நீட்டித் தடவிப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரை ஒரே எலும்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ரெண்டு எலும்பு. உள்ளங்கையை மேலே, கீழே என்று திருப்புகிறீர்களே, அந்த ரெண்டில் ஒன்று மற்றொன்றின் மேல் புரண்டு கொடுப்பதால்தான் அது முடிகிறது. அப்புறம் மணிக்கட்டில் பொடிசாக 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. ஆக, மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் 27 எலும்பு.

ஃபார்முலா பிடிபட்டதா? ஒண்ணு... ரெண்டு... பொடிசா நிறைய... அப்புறம் விரல்கள்!

கோழிக்கும் அதே ஃபார்முலா, உங்களுக்கும் அதே ஃபார்முலா. இதோடு நின்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். நிற்கவில்லையே!

வௌவாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அதே ஒண்ணு, ரெண்டு, நிறைய, விரல்கள்தான். நாலு விரல்களைக் குடைக்கம்பி மாதிரி நீட்டி, நடுவே தோலை இழுத்துக் கட்டிப் பறக்கிறது. கட்டைவிரல் மட்டும் தனியாக, நகத்தோடு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். திமிங்கிலத்தின் துடுப்பு வெளியிலிருந்து பார்க்க ஒரே பலகை. உள்ளே பார்த்தால் அதே வரிசை. சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்கலாம். தண்ணீரை விட்டு வெளியே வராத ஒரு பிராணிக்கு விரல் எலும்புகள் எதற்கு என்று அங்கே நின்று கொஞ்ச நேரம் யோசித்துப் பாருங்கள்.

குதிரை இன்னும் விசேஷம். அது நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலில். நம்ம கணக்கில் நடுவிரல். குளம்பு என்பது அந்த விரலின் நகம். மாடு ரெண்டு விரலில் நிற்கிறது. லாடம் அடிப்பவர் உண்மையில் நகத்தில்தான் ஆணி அடிக்கிறார். அதனால்தான் மாட்டுக்கு வலிப்பதில்லை. முன்னங்காலில் 'முட்டி' என்று நாம் சொல்லுகிற இடம் முட்டியே இல்லை, மணிக்கட்டு!

பறக்கிற கை, நீந்துகிற கை, ஓடுகிற கை, செல்போனில் டைப் அடிக்கிற கை. வேலை வேறு வேறு. உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றே. இப்படிப்பட்டவற்றைத்தான் 'அமைப்பொத்த உறுப்புகள்' என்று பாடப் புத்தகம் சொல்கிறது. காலேஜ் பாஷையில் ஹோமோலோகஸ்.

நான் பல்பு வாங்கிய கதை

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. விலங்கியல் பிராக்டிகல். வைவா. எதிரே வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர். மேஜையில் ஒரு புறாச் சிறகு, ஒரு வௌவால் சிறகு.

''ரெண்டும் ஹோமோலோகஸா, அனலோகஸா?''

முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணியது நாக்கு நுனியில் இருந்தது. ''ஹோமோலோகஸ் சார்!''

''அப்படியா? ரெண்டும் பறக்கிற வேலையைத்தானே செய்யுது?''

அனலோகஸ் என்றால் 'செயலொத்த உறுப்பு'. பிறப்பு வேறு, வேலை ஒன்று. அடடா, அதுவும் பொருந்துகிறதே! ''அனலோகஸ் சார்...''

''ஏதாவது ஒண்ணுல நில்லுப்பா.''

நான் எதிலும் நிற்கவில்லை. வெளியே வந்து நின்றேன். எனக்கு அடுத்துப் போன பக்கத்து ரூம் நண்பன், நான் சொன்ன எச்சரிக்கையைக் கேட்டு, எடுத்த எடுப்பிலேயே 'அனலோகஸ்' என்று அடித்திருக்கிறான். ''எலும்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கே, அது எப்படி?'' என்று அவனையும் கவிழ்த்துவிட்டார். ரெண்டு பேரும் கேன்டீனில் டீயைக் குடித்துவிட்டு அவரைத் திட்டித் தீர்த்தோம். ரெண்டு புத்தகத்தைப் புரட்டினால், ஒன்றில் வௌவாலும் பறவையும் முதல் லிஸ்ட்டில், இன்னொன்றில் ரெண்டாவது லிஸ்ட்டில்! யாரை நம்புவது?

அவர் கேட்டது நல்ல கேள்வி என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. புரிய வைத்தது புத்தகம் இல்லை, எங்கள் ஊரில் இருக்கிற ஒரு பழைய வீடு.

ஒரே வீடா? ஒரே வியாபாரமா?

கடைவீதியில் ஒரு பெரிய ஓட்டு வீடு. தாத்தா கட்டியது. வாசலில் நீளத் திண்ணை, வரிசையாக மரத் தூண்கள். தாத்தா போனதும் மூன்று பிள்ளைகளுக்கும் பாகப்பிரிவினை. மூத்தவர் தன் பங்குத் திண்ணையை மறைத்து ஜெராக்ஸ் கடை வைத்தார். நடு மகன் கிரில் போட்டு பைக் நிறுத்துகிறார். சின்னவர் தன் பங்கில் தையல் மெஷின் போட்டுவிட்டார். இன்றைக்குத் தெருவில் போகிறவன் பார்த்தால் மூன்றும் மூன்று விதம். ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தூணுக்குத் தூண் அதே இடைவெளி. மேலே அதே உத்தரம் மூன்று பங்குக்கும் நேராக ஓடுகிறது. ஜெராக்ஸ் கடையின் நட்டநடுவில், கஸ்டமருக்கு இடைஞ்சலாக ஒரு தூண் நிற்கிறது. ஜெராக்ஸ் கடைக்கென்றே கட்டியவன் எவனாவது நடுவில் தூண் வைப்பானா? வைக்க மாட்டான். அந்தத் தூண் கடைக்காக வந்ததில்லை, தாத்தாவிடமிருந்து வந்தது.

இதுதான் ஹோமோலோகஸ். ஒரே வீடு, வேறு வேறு வியாபாரம்.

அதே தெருவில் எதிர்ப்பக்கம் ஒரு புது காம்ப்ளெக்ஸ். ஷட்டர் போட்ட கடை. அங்கேயும் ஜெராக்ஸ். மூத்தவர் கடையும் அதுவும் செய்வது ஒரே வேலை. போர்டுகூட ஒரே மாதிரி. ஆனால் சொந்தபந்தம் எதுவும் கிடையாது. அது அனலோகஸ். ஒரே வியாபாரம், வேறு வேறு வீடு.

பட்டாம்பூச்சியின் சிறகும் புறாவின் சிறகும் அப்படித்தான். பட்டாம்பூச்சி சிறகுக்குள் எலும்பே கிடையாது. காற்று ஒன்றுதான் என்பதால் ரெண்டும் ஒரே மாதிரி வேலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சைவ நண்பர்களே, உங்கள் உருளைக்கிழங்கு இதோ. உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் மண்ணுக்குள் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கின்றன. வேலை ஒன்றே. ஆனால் உருளை என்பது தண்டு. அதன் மேல் இருக்கிற 'கண்'களெல்லாம் மொட்டுகள். சர்க்கரைவள்ளி வேர். வேறு வீடு!

இப்போது என் வைவாவுக்கு வருவோம். புறாவும் வௌவாலும். எலும்பு வரிசை ரெண்டிலும் அதே ஒண்ணு, ரெண்டு, நிறைய, விரல்கள். ஆகவே 'முன்னங்கை' என்று பார்த்தால் ஒரே வீடு. ஹோமோலோகஸ். ஆனால் ரெண்டுக்கும் பொதுவான மூதாதை, 30 கோடி வருஷத்துக்கும் முன்னால் பல்லி சைசில் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பிராணி. அதற்குப் பறக்கத் தெரியாது. பறவை பிற்பாடு கையில் இறகை வளர்த்துப் பறந்தது. வௌவால் தனியாக, விரல்களுக்கு நடுவே தோலை விரித்துப் பறந்தது. ஆகவே 'சிறகு' என்று பார்த்தால் அனலோகஸ். தூண் தாத்தாவுடையது, ஜெராக்ஸ் மெஷின் அவரவர் வாங்கியது.

ரெண்டு புத்தகமும் சரிதான். நான்தான் ''எதுவாகப் பார்க்கணும் சார்?'' என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

எதிராளியே எடுத்துக் கொடுத்த ஆயுதம்

இந்த 'ஹோமோலோகஸ்' விஷயத்தில் ஒரு சுவாரஸ்யமான முரண் இருக்கிறது. மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, எலும்புக்கு எலும்பு எழுத்துப் போட்டு பிரான்சின் பியர் பெலோன் படம் வெளியிட்டது 1555-ல். ஆனால், 'என்ன வேலை செய்தாலும், என்ன வடிவத்தில் இருந்தாலும், அதே உறுப்புதான்' என்று இதற்கு முறையாக இலக்கணம் வகுத்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன், 1843-ல். டைனோசர் என்கிற பெயரை உலகத்துக்குக் கொடுத்த அதே ஓவன்தான்.

ஏன் எல்லாமே ஒரே அமைப்பில் இருக்கின்றன? ஓவனின் பதில்: முதுகெலும்புள்ள பிராணிகளுக்கெல்லாம் ஒரு மூலப்படிவம் இருக்கிறது, எல்லாம் அந்த பிளானின் வேறு வேறு வடிவங்கள். 1859-ல் டார்வின் புத்தகம் வந்தது. அவர் ஓவன் சேர்த்து வைத்த அதே எலும்புகளைக் காட்டி, அது காகிதத்து பிளான் இல்லை, ஒரு காலத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த மூதாதை என்றார். ஓவனுக்கு வந்தது பாருங்கள் கோபம்! 1860-ல் பேர் போடாமல் காட்டமாக ஒரு விமர்சனம் எழுதித் தீர்த்துக்கொண்டார். டார்வின் தன் கப்பல் பயணத்தில் கொண்டுவந்த பாலூட்டிப் புதைபடிவங்களை ஆராய்ந்து கொடுத்தவரும் இதே ஓவன்தான் என்பது கூடுதல் சோகம்.

''சுத்திச் சுத்தி வர்றீங்களே!''

போன மாசம் ஒரு கல்லூரியில் இதைப் பேசி முடித்ததும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. ''அண்ணா, ஒரு டவுட். ரெண்டும் ஒரே மூதாதையிலிருந்து வந்ததால ஹோமோலோகஸ்னு சொல்றீங்க. ஒரே மூதாதைக்கு என்ன ஆதாரம்னா, ஹோமோலோகஸா இருக்கேங்கறீங்க. இது சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வர்ற மினி பஸ் மாதிரி இல்ல?''

செம கேள்வி! அந்தத் தம்பிக்கு அன்றைக்கு அவசரமாகச் சொன்ன பதிலை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

வெறும் ஜாடையை வைத்து உறவு சொல்லக் கூடாது என்பது உண்மை. வௌவால் இனத்துக்கு 'கைராப்டெரா' என்று பேர். கிரேக்க மொழியில் 'கெய்ர்' என்றால் கை. 'கைச்சிறகு' என்று அர்த்தம். நம்ம 'கை'க்கும் அதற்கும் சத்தம் எப்படிப் பொருந்துகிறது! அதை வைத்து ரெண்டு மொழியும் அக்கா தங்கை என்று கிளம்பினால் மொழியியல் வாத்தியார் அடிக்க வருவார். ஒரு சொல் போதாது. உறுப்புகளுக்கும் அதே சட்டம்தான்.

கல்யாண வீட்டில் ஒரு பையனைப் பார்த்து, ''மூக்கைப் பார்த்தா நம்ம பெரியப்பா வகையறா மாதிரி இருக்கே'' என்று பாட்டி சொல்வார். அது யூகம். அப்புறம் ''யார் வீட்டுப் புள்ளப்பா நீ?'' என்று விசாரிப்பார். ஊர் எது, அப்பா பேர் என்ன, எந்தத் தெரு. மூக்கை விட்டுவிட்டு வேறு நாலு சாட்சிகள். நாலும் ஒத்துப்போனால் சொந்தம். இல்லாவிட்டால் 'சும்மா ஜாடை' என்று விட்டுவிடுவார். விஞ்ஞானிகளும் பாட்டி வழிதான்.

முதல் சாட்சி, இடம். ஓர் உறுப்பு பெருக்கலாம், சிறுக்கலாம். ஆனால் அக்கம்பக்கத்து உறுப்புகளோடு அதற்கு உள்ள தொடர்பு லேசில் மாறாது என்று பிரான்சின் ழொஃப்ருவா செயின்ட்-ஹிலேர் 1818-லேயே சொல்லிவிட்டார். பாண்டா கரடி மூங்கிலைப் பிடிக்கிற 'கட்டைவிரல்' இந்தப் பரீட்சையில் ஃபெயில்! எண்ணிப் பார்த்தால் அதற்கு ஐந்து விரல் தனியாக இருக்கிறது. ஆறாவதாக நீட்டிக்கொண்டிருப்பது மணிக்கட்டில் இருக்கும் ஒரு சிற்றெலும்பு பெருத்து வளர்ந்தது. நம் கட்டைவிரலுக்கு அது சொந்தமில்லை. அதாவது, இந்தப் பரீட்சையில் தோற்கவும் வழி இருக்கிறது. தோற்க வழி உள்ள பரீட்சையில் பாஸானால்தானே மதிப்பு?

ரெண்டாவது சாட்சி, கரு. இதற்கு உங்கள் காதைப் பிடிக்க வேண்டும். நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் இருப்பது தெரியும். பல்லி, பாம்பு வகையறாவுக்கு அங்கே ஒரே எலும்புதான். நமக்கு மட்டும் மீதி ரெண்டு எங்கிருந்து வந்தது? 1837-ல், டார்வின் புத்தகத்துக்கு 22 வருஷம் முன்னால், ஜெர்மனியின் கார்ல் ரைஷர்ட் பன்றிக் கருக்களை ஆராய்ந்து ஒரு விஷயம் சொன்னார். ஊர்வனவற்றில் தாடையின் கீலாக இருக்கிற ரெண்டு எலும்புகள் கருவில் எந்த இடத்திலிருந்து வருகின்றனவோ, அதே இடத்திலிருந்துதான் நம் சுத்தியும் பட்டடையும் வருகின்றன. 'தாடைக் கீல் காதுக்குள் போனதாம்!' கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். நடுவழியில் அந்தப் பிராணி எதை வைத்து மென்றது? வாயை மூடிக்கொண்டு பட்டினி கிடந்ததா?

பதில் பாறையிலிருந்து வந்தது. சுமார் 20 கோடி வருஷத்துக்கு முந்தைய மார்கனுகோடான் என்கிற எலி சைஸ் பிராணியின் புதைபடிவத்தில் ரெண்டு கீலும் இருக்கின்றன! பழைய கீலும், பக்கத்திலேயே நம்முடைய புதுக் கீலும். புதுப் பாலம் திறந்த பிறகுதானே பழைய பாலத்தை இடிப்பார்கள், அப்படி. இன்றைக்கு நீங்கள் இயர்போனில் ராஜா பாட்டுக் கேட்கும்போது உள்ளே அதிர்வது, ஒரு காலத்தில் யாரோ மென்ற தாடையின் கீல்.

மூன்றாவது சாட்சிதான் கிளைமாக்ஸ். கருதுகோள் சரியென்றால் அது முன்கூட்டியே ஏதாவது சொல்ல வேண்டும் இல்லையா? கை என்பது மீன் துடுப்பிலிருந்து வந்திருந்தால், பாதித் துடுப்பு, பாதிக் கை என்று ஒரு ஜந்து இருந்திருக்க வேண்டும். 38 கோடி வருஷப் பாறையில் மீன் கிடைக்கிறது. 36 கோடி வருஷப் பாறையில் விரலோடு கால் கிடைக்கிறது. அப்படியானால் நடுவில், சுமார் 37.5 கோடி வருஷப் பாறையில் தேட வேண்டும். அதுவும் பழைய ஆற்றுப் படுகைப் பாறையாக இருக்க வேண்டும். நீல் ஷூபின், டெட் டேஷ்லர், ஃபாரிஷ் ஜென்கின்ஸ் குழு வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம், கனடாவின் வட துருவப் பகுதி. 1999-ல் போனார்கள். கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போனார்கள். 2004-ல் எல்ஸ்மியர் தீவில், பாறையிலிருந்து ஒரு தட்டையான மூக்கு எட்டிப் பார்த்தது!

டிக்டாலிக். அந்த ஊர் இன்யூட் மக்களின் மொழியில் நன்னீரில் வாழும் ஒரு பெரிய மீனின் பேர். 2006-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். செதில் உண்டு, துடுப்பு உண்டு. துடுப்புக்குள் பார்த்தால்... ஒண்ணு, ரெண்டு, பொடிசா நிறைய! விரல் மட்டும் இன்னும் வரவில்லை. ஓரத்தில் மீன் துடுப்புக்கே உரிய ஈர்க்குகள். இதுவே நம் நேரடித் தாத்தா என்று சத்தியம் பண்ண வேண்டாம். போலந்தில் இதைவிடப் பழைய பாறையில் நாலுகால் தடங்கள் இருப்பதாக 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. தாத்தாவின் பங்காளி என்று வைத்துக்கொள்வோம். பங்காளி வீட்டு ஆல்பத்திலும் தாத்தா ஜாடை தெரியுமே!

நாலாவது சாட்சி, ஜீன். கருவில் நம் விரல் உருவாகும் இடத்தில் வேலை செய்யும் ஹாக்ஸ்-13 வகை ஜீன்களை, 2016-ல் ஷூபினின் ஆய்வுக்கூடத்தில் ஜீப்ரா மீனில் முடக்கிப் பார்த்தார்கள். துடுப்பின் ஈர்க்குகள் குறைந்து போய், உள்ளே சிற்றெலும்புகள் கூடுதலாக வந்தன. மீன் துடுப்பின் நுனிக்கும் நம் விரலுக்கும் சுவிட்ச் போர்டு ஒன்றே.

இடம், கரு, பாறை, ஜீன். நாலும் ஒருவரை ஒருவர் கேட்டுச் சாட்சி சொல்லவில்லை. தனித்தனியாக வந்து, ஒரே பேரைச் சொல்கிறார்கள். மினி பஸ் சுற்றவில்லை தம்பி. நாலு ஊரிலிருந்து நாலு பஸ் ஒரே ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, இதனால எனக்கென்ன?

''நான் மெக்கானிக்கல் பாஸ், எனக்கெதுக்கு இதெல்லாம்?'' என்பவர்களுக்கு ஒரே ஒரு கதை. 1922 ஜனவரி. கனடாவின் டொரன்டோ நகரம். லெனார்ட் தாம்ப்சன் என்கிற 14 வயதுப் பையன் சர்க்கரை நோயால் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான். அன்றைக்கு அது மரண தண்டனை. மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை அவனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரிப்படவில்லை. சுத்தப்படுத்தி, சில நாள் கழித்து மறுபடி போட்டார்கள். பையன் எழுந்து உட்கார்ந்தான். இன்சுலின் பிறந்த கதை இது.

மாட்டுச் சரக்கு மனுஷன் உடம்பில் ஏன் வேலை செய்ய வேண்டும்? இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. மாட்டுக்கும் நமக்கும் அதில் 3 மணிதான் வித்தியாசம். பன்றிக்கும் நமக்கும் 1. எலும்பில் பார்த்த அதே பூர்வீக வீடுதான், மூலக்கூறு வரைக்கும் ஓடுகிறது. 1982-ல் மனித இன்சுலினையே பாக்டீரியாவை வைத்துத் தயாரித்து விற்பனைக்கு அனுமதி கிடைக்கும் வரை, 60 வருஷம் உலகத்துச் சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்றியது இந்தத் தூரத்துச் சொந்தம்தான். இன்றைக்கும் ஒரு புது மருந்தை எலியிடம் சோதித்துவிட்டு மனிதனிடம் வருகிறோமே, எந்த தைரியத்தில்? அதே தைரியத்தில்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2023-ல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் வெறும் 'பாரம்பரியம்' ஆனது. கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு பயாலஜியில் பாடம் இருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் பத்தாவதோடு பயாலஜிக்கு டாட்டா சொல்லிவிட்டு காமர்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் போகிறவர்கள்தானே அதிகம்? நீக்கிய பக்கங்களில் இருந்தவை என்ன தெரியுமா? இதே அமைப்பொத்த, செயலொத்த உறுப்புகளும்தான். ஒரு தலைமுறை தன் கையை நீட்டிப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே டிகிரி வாங்கிவிட முடியும் என்றால், குறைந்தது சுமையா? வேறு ஏதாவதா?

புத்தகத்தில் பக்கத்தை எடுக்கலாம். கோழியின் சிறகிலிருந்து எலும்பை யாராலும் எடுக்க முடியாது. அது ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் மெஸ்ஸுக்கு வரத்தான் போகிறது.

ஆகவே இந்த வார ஹோம் ஒர்க்: தட்டில் சிறகு விழுந்தால் பக்கத்து நண்பனுக்கு ஒண்ணு, ரெண்டு, நிறைய என்று எண்ணிக் காட்டுங்கள். லெக் பீஸே கிடைத்த அதிர்ஷ்டசாலிகளுக்கு ஒரு புதிர்: கோழி நடக்கும்போது அதன் முட்டி பின்பக்கமாக மடங்குகிறதே, ஏன்? (க்ளூ: அது முட்டி இல்லை. உங்கள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நின்று பாருங்கள்.)

வைவாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது ரெண்டு உறுப்பைக் காட்டி 'ஹோமோலோகஸா, அனலோகஸா?' என்று மடக்கினால், பதறாமல், ''எதுவாகப் பார்க்கணும் சார்?'' என்று திருப்பிக் கேளுங்கள். ஆனால் பணிவாகக் கேளுங்கள். மார்க் அவர் கையில் இருக்கிறது... 27 எலும்புள்ள கையில்!